காயாத பாய்மரம்

மீனெண்ணெய்க்கென்று ஒரு மணம் உண்டு. கரண்டி உதட்டில் படும் முன்பே தொண்டை அடைத்துக்கொள்ளும். தொண்ணூறுகளின் நடுவில், கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில், பனிக்காலம் முழுவதும் அம்மா அந்தக் கரண்டியோடு காலையில் காத்து நிற்பார். அதனால் ஒரு வசந்தகாலச் சனிக்கிழமை அப்பா அந்தப் போத்தலைக் கோட்டுப் பைக்குள் வைத்தபோது, எதற்கென்று நான் கேட்கவில்லை. "சனியன்" தொலைந்தது என்றிருந்தது.

அப்பா யாழ்ப்பாணத்துக் குருநகரில் கடற்றொழில் செய்தவர். அவரும் அம்மாவும் பள்ளிக்கூடம் போகாதவர்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துக் கூட்டியவள் நான். அந்தப் பெருமை இன்றும் எனக்குக் குறையவில்லை. சண்டையால் கடலுக்குப் போகத் தடை வந்தபின் தன் வள்ளத்தைக் கரையில் விட்டுவிட்டு வந்த அப்பா, அதன்பிறகு எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை. அந்த வசந்தத்தில் ஏரிக்கரைப் படகுத்துறையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்கு ஆள் தேவைப்பட்டது. அவரை நாங்கள் "கப்டன்" என்போம். கழற்றிக் கிடத்தியிருந்த பாய்மரத்தின் பழைய வார்னிஷைச் சுரண்டிப் புதிதாகப் பூசவேண்டும். பாய்மரம் படகில் ஏறியதும் முதல் ஓட்டத்தில் அப்பாவையும் கூட்டிப்போவதாகச் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னதும், அப்பா இன்னொருமுறை சொல்லச் சொன்னார்.

ஒரு பஸ் நீளத்துக்குக் கிடந்தது அந்த மரம். வெயிலில் வெடித்த வார்னிஷ் செதில்செதிலாக எழும்பி, தண்ணீர் இறங்கிய இடமெல்லாம் கறுத்திருந்தது. அப்பா சுரண்டித் தேய்க்கத் தேய்க்க, உள்ளிருந்து வெண்ணெய் நிறத்தில் புது மரம் வந்தது. வார்னிஷ் தகரப்பேணியில் எழுதியிருந்ததை நான் சத்தமாக வாசித்தேன்: மரம் நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும், எண்ணெய்ப் பசை கூடாது. ஆனால் எங்கள் ஊர்க் கரையில், ஏற்றிவைத்த வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் தேய்க்காமல் ஒருவரும் திரும்ப இறக்கமாட்டார்கள்.

"உது கடைக்காரன் எழுதினது, பிள்ளை. மரம் விடாய்ச்சுக் கிடக்குது. வெறும் வயித்தோட ஆரும் சட்டை போட்டு அனுப்புவினமோ?" என்று சிரித்துக்கொண்டு, மீனெண்ணெய்ப் போத்தலைத் துணியில் கவிழ்த்து, குளிப்பாட்டப்போகும் குழந்தைக்குத் தேய்ப்பதுபோலத் தேய்த்தார்.

அடுத்த கிழமை பூசிய வார்னிஷ் காயவில்லை. குளிர்தான் காரணம் என்று அப்பா அதன்மேல் இன்னொன்று பூசினார். அதுவும் காயவில்லை. ஜூன் பிறந்து ஏரிக்கரை மரங்களின் பஞ்சு பறக்கத் தொடங்கியபோது, ஒரு காலை நாங்கள் போய்ப் பார்த்தால் பாய்மரம் முழுவதும் நரை முளைத்துக் கிடந்தது. அப்பா குந்தியிருந்து, ஒவ்வொரு பஞ்சாக நகத்தால் கிள்ளினார். கப்டன் வந்து குனிந்து மணந்து பார்த்தார். கோபிக்கவில்லை. தனக்கு இனிக் காத்திருக்க வயதில்லை, அலுமினியத்தில் ஒன்று வாங்கிவிடப்போவதாகச் சொன்னார். முதல் ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் வாய் திறக்கப்போனேன்.

"கேளாதை, பிள்ளை," என்றார் அப்பா.

அறுத்தெறிந்த மரத்தின் நுனித் துண்டை மட்டும் கேட்டு வாங்கி, பேப்பரில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். "இஞ்சேருங்கோ, சனம் டீவி கொண்டு வருது, நீங்கள் கொட்டன் கொண்டு வாறியள்," என்று அம்மா கதவிலேயே தொடங்கினார். பிறகு மூக்கைச் சுளித்தார். "உது பிள்ளையின்ரை மருந்தெல்லே?" அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார்.

அப்பா பெட்டி அடுக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தார். எங்கள் பல்கனியிலிருந்து ஏரி ஒரு நீலக் கோடாகத் தெரியும். அவர் கதிரையை மற்றப் பக்கம் திருப்பிப் போட்டுத்தான் இருப்பார்.

நாங்கள் அஜக்ஸுக்கு வீடு மாறியபோது அந்தத் துண்டும் கூடவே வந்தது. போன பனிக்காலம் அப்பா போய்விட்டார். அந்தப் படகுத்துறையில் இப்போது மரத்தாலான பாய்மரம் ஒன்றுகூட இல்லை. காற்றடித்தால் கயிறுகள் அலுமினியத்தில் மோதி, தகரக் குவளையைத் தட்டுவதுபோல ஒலிக்கின்றன. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தபின் கராஜைத் துப்புரவாக்கும்போது அந்தத் துண்டைத் தூக்கினேன். பஞ்சுகள் மஞ்சளாகி உள்ளே உறைந்திருந்தன. மணந்து பார்த்தேன், மணமில்லை. விரலால் அழுத்தினேன், ஒட்டவில்லை.

"காய்ஞ்சிட்டுதப்பா," என்று சொல்லிக்கொண்டே, அவரிடம் காட்ட வீட்டுப்பக்கம் திரும்பிவிட்டேன்.