சும்மா விட வேண்டிய பாத்தியில் நான் வீசிய யூரியா

என் பிள்ளையின் படிப்பை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தவள் நான். குற்றாலம் பக்கம் வடகரையில் வயல் வேலை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். எதற்கெடுத்தாலும் பதறுகிற சுபாவம். அம்மன் செய்ததைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவளாவேன் என்றுதான் எழுதுகிறேன்.

மகள் செல்வி வேளாண்மைக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். படிக்கும்போதே ஆராய்ச்சி செய்ய அவள் வகுப்பில் இரண்டு பேருக்குத்தான் வாய்ப்பு. அதில் இவள் ஒருத்தி. போன ஆனியில் எங்கள் வயலிலேயே நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு பாத்தி என்று பிரித்து நெல் நட்டாள். ஒவ்வொரு வரிசையிலும் மூன்று பாத்திக்கு வெவ்வேறு உரம். ஒன்றுக்கு எதுவும் போடக்கூடாது.

"எம்மா, இதைத் தொட்டுராத. இது சும்மா கெடந்தாத்தான் மத்ததோட ஒத்துப் பாக்க முடியும்" என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்குப் போனாள்.

புரிந்தது. ஆனால் கண் கேட்கவில்லை. ரோட்டோர வரிசையில் அந்தப் பாத்தி மஞ்சளாகி நின்றது. "ஏட்டி, பிள்ளைய விவசாயம் படிக்க வச்சிட்டு பயிரைப் பட்டினி போடுதியே" என்று பக்கத்து வயல் மாரியக்கா சிரித்தாள். மனசு தாங்கவில்லை. ஆடி இரண்டாம் செவ்வாய், நாலு கை யூரியா வீசிவிட்டேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை செல்வி வந்தாள். பாத்தி கருகருவென்று பச்சையாக நின்றது.

"ஒண்ணுமே போடாம எப்படிம்மா இப்படி வந்துச்சு? இந்த மண்ணுல என்னமோ இருக்கு."

வரப்பிலேயே நின்று பேராசிரியைக்குப் போன் போட்டாள். செவ்வாய்க்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

எனக்கு வாய் திறக்கவில்லை. சொன்னால் பிள்ளை உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் பொய்யை எழுதி நாலு பேர் முன்னால் அகப்படுவாள். முப்பிடாதி அம்மன் கோவிலில் போய் விழுந்தேன். "தாயே, யாருக்கும் தெரியாம மறைச்சிரு." மூன்று நாளும் இதே வேண்டுதல். நெஞ்சு அடங்கவே இல்லை. செவ்வாய் காலை சன்னதியில் நின்றால் அந்தச் சொல்லே வரவில்லை. "சொல்ல எனக்குத் தைரியம் குடு" என்றுதான் வந்தது. அழுதுவிட்டேன்.

பேராசிரியை வந்து, குனிந்து இலையைத் தொட்டுப் பார்த்தார். செல்வி நோட்டை விரித்தாள். என் வாய் தானாகத் திறந்தது.

"மேடம், நான்தான் யூரியா போட்டேன். பிள்ளைக்குத் தெரியாது."

"ஏம்மா..." செல்வி அவ்வளவுதான் சொன்னாள். அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

"மத்த வரிசையிலயும் போட்டீங்களா?" என்று பேராசிரியை கேட்டார்.

"போடத்தான் போனேன். சாரல் அடிச்சிட்டு. ஈரத்துல வீசுனா இலையில ஒட்டிக்கிடும்னு வந்துட்டேன். பெறகு பயம் வந்துட்டு."

அவர் மூச்சு விட்டார். "அப்ப தப்பிச்சோம். இந்த வரிசையைக் கணக்குல இருந்து எடுத்துருவோம், மத்த மூணு போதும். செல்வி, நடந்ததை அப்படியே எழுது. அம்மா சொல்லாம இருந்திருந்தா மொத்தமும் வீணாப் போயிருக்கும்."

யூரியா வீசிய அன்று குற்றால மலையைப் பார்த்து அந்தச் சாரலைத் திட்டினேன். நான் கேட்கும் முன்பே அம்மன் அனுப்பிய துணை அது.

அறுவடை முடிந்து செல்வி கல்லூரியில் தன் ஆராய்ச்சியை வாசித்தாள். வருகிற லீவில் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பழகப் போகிறாள். எனக்கு இன்னும் பயம் வருகிறது. ஆனால் வந்த அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். உங்களில் யாராவது ஒரு தப்பை உள்ளே வைத்து வெந்துகொண்டிருந்தால் அம்மன் காலடிக்குப் போங்கள். அதை மூடித் தரச் சொல்லாதீர்கள். சொல்ல வாய் கேளுங்கள், தருவாள். என்னைப் போல மூன்று நாளை வீணாக்க வேண்டாம்.