பத்துக்குப் பத்து அறைக்கு ஸ்பீக்கர் தேடின கதை

வீட்டில் ஸ்டூடியோ வைத்திருப்பவனின் தொழில் மற்றவர்கள் பாடுவதைச் சரியாகக் கேட்பது. அந்த ஒரு வேலையையே நான் நாலு வருஷம் பிழையாகச் செய்துகொண்டிருந்தேன்.

பின்னறையில் ஒரு மைக்கையும் ஒரு கணினியையும் வைத்துக்கொண்டு, “இதுவும் ஸ்டூடியோதான்” என்று ஊருக்குச் சொல்லித் திரியும் என் போன்ற பாவப்பட்டவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது விளங்காது. என்னுடைய ஸ்டூடியோ புத்தளம் கரைத்தீவில், எங்கள் வீட்டின் பத்துக்குப் பத்து அறை. யுத்தம் முடிந்து, ஆட்கள் விழா, போட்டி, கலியாணம் என்று திரும்பவும் பாட்டுக் கேட்டு வரத் தொடங்கிய காலத்தில் ஆரம்பித்தது. பாடசாலைக் கீதம், நபி புகழ், கோயில் பாட்டு, கடை விளம்பரம், எது வந்தாலும் எடுப்பேன்.

காணாமல் போன மத்தளம்

உடப்பிலிருந்து சிவலிங்கம் அண்ணன் வந்தார். கடல்தொழில் செய்கிறவர். திருவிழாவில் அவருடைய குழு பாடும் அம்மன் பாட்டைக் கேட்கவென்றே ஆட்கள் கூடுவார்கள். இரண்டு மத்தளத்தோடு ஒரு பாட்டை எடுத்தோம். அப்போது என்னிடம் இருந்தது, முன்னறையில் படம் பார்க்க வாங்கிய ஸ்பீக்கர் செட். நிலத்தில் ஒரு பெரிய பெட்டி இருக்கும். பாட்டுப் போட்டால் யன்னல் கண்ணாடி அதிரும். மத்தளம் அதில் இடி மாதிரி விழுந்தது. கூடிப்போச்சு என்று நினைத்து, பாட்டில் இருந்த கனத்தை, அந்த இடிச்சத்தத்தை, கணினியில் வெட்டி, வெட்டி, செட்டில் அளவாகக் கேட்கும்வரை வெட்டினேன்.

திருவிழாவன்று நானும் உடப்புக்குப் போய் ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். என் கையால் செய்த பாட்டு ஊர் முழுக்கக் கேட்கப் போகிறது என்று வண்டிக்காரரிடமும் சொல்லிவைத்தேன். தென்னையில் கட்டியிருந்த ஹோர்ன் ஸ்பீக்கரில் பாட்டு வந்தது. தகரப் பேணிக்குள் இருந்து யாரோ பாடுவதுபோல ஒரு குரல். மத்தளம் இல்லவே இல்லை. அப்போதுதான் விளங்கியது: அந்தக் கனம் முழுக்க என் செட்டின் கனம். அதை நம்பி நான் பாட்டின் கனத்தை வெட்டிப் போட்டிருக்கிறேன். சிவலிங்கம் அண்ணன் சண்டை பிடிக்கவில்லை. கிட்ட வந்து மெதுவாகக் கேட்டார்: “தம்பி, நாங்க ரெண்டு மத்தளம் அடிச்சமே, அது ரெண்டும் இன்னும் உங்கட வீட்டிலயா நிக்குது?”

எட்டு இஞ்சி ஆசை

அடுத்த பாட்டை அவர்கள் சிலாபத்தில் வேறொரு ஸ்டூடியோவில் எடுக்கப் போகிறார்களாம் என்று கேள்விப்பட்டேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், ஸ்டூடியோக்காரர்கள் வேலைக்கென்றே வைத்திருக்கும் மொனிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்குவது என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்ததும் பிடித்துக்கொண்டது பைத்தியம். சாப்பிடும்போது ஸ்பீக்கர், சந்தைக்குப் போனால் ஸ்பீக்கர். போனில் ஒவ்வொருவனிடமும் கேட்டேன். ஒவ்வொருவன் ஒவ்வொன்று சொன்னான். படத்தில் பார்த்த எட்டு இஞ்சி, அதாவது எட்டு அங்குல ஸ்பீக்கர் ஜோடி ஒன்றில் மனம் விழுந்துவிட்டது. கறுப்பு நிறம், அலுமாரிக் கதவு மாதிரி அகலம்.

என் மனைவி ஸீனத் வீட்டில் தையல் தைக்கிறவள். நான் எட்டு இஞ்சியின் பெருமையைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பி, தையல் நாடாவை எடுத்து வந்து அறையை நீளம், அகலம், உயரம் என்று அளந்தாள். மேசையையும் அளந்தாள். கதிரையில் இருக்கும் என் காதுக்கும் சுவருக்கும் நடுவில் நாடாவைப் பிடித்தாள். நான் வாசித்த கட்டுரைகள் எல்லாம் பக்கம் பக்கமாகச் சொன்னதை, சின்ன அறைக்குள் பெரிய ஸ்பீக்கர் வைத்தால் சத்தம் சுவரில் முட்டிக் குழம்பும் என்பதை, நாடாவைச் சுருட்டிக்கொண்டே அவள் ஒரு வரியில் முடித்தாள்: “இஞ்சப் பாருங்க, எட்டு இஞ்சி வாங்குறதெண்டா முதல்ல அதுக்கு ஒரு வீடு கட்டுங்க.”

சேவல்

இரண்டு பேருமாகக் கொழும்புக்குப் போனோம். கடையில் பியதாஸ என்று ஒரு மூத்த விற்பனையாளர் இருந்தார். தமிழும் சிங்களமும் கலந்து கதைப்பார். “நீங்க செய்த பாட்டு ஒண்டு இருக்கா?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. எல்லோரும் நல்ல பாட்டைக் கொண்டுபோவார்கள். நான் அந்த மத்தளம் இல்லாத பாட்டைக் கொண்டுபோயிருந்தேன். எந்த ஸ்பீக்கர் பாடுகிறது என்று தெரியாமல் இருக்க எங்களை முதுகு காட்டி இருக்கச் சொல்லிவிட்டு, முதல் ஜோடியில் போட்டார். அல்லாஹ், என்ன இனிமை! என் பாட்டா இது என்று எனக்கே கண் கலங்கியது. இதையே கட்டுங்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தி, இரண்டாவது ஜோடியில் போட்டார்.

அசிங்கம். குரல் கீச்சென்று, கீழே ஒன்றுமே இல்லாமல் அந்தரத்தில் தொங்கியது. பாட்டுக்குள் யாரோ கதிரையில் அசையும் சத்தம் வந்தது. ஃபேன் சுத்தும் சத்தம் வந்தது. “இது பழுதான ஸ்பீக்கர்” என்றேன். ஸீனத் என் கையைப் பிடித்தாள். “பொறுங்க. ரெண்டாவது சரணத்தில சேவல் கூவுது.” திரும்பப் போட்டுக் கேட்டோம். கூவியது. எங்கள் அயல்வீட்டுச் சேவலேதான். அம்மன் பாட்டுக்குள் இத்தனை நாளும் அது கூவிக்கொண்டு இருந்திருக்கிறது. எனக்குத்தான் ஒருநாளும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு எழும்பித் துள்ள வேண்டும்போல இருந்தது. இப்படி ஒரு காது எனக்குக் கிடைக்கும் என்றால் வேறு என்ன வேண்டும்? அந்த இரண்டாவது ஜோடி ஐந்து இஞ்சிதான். காற்றுப் போகும் துவாரம் முன்பக்கம் இருந்ததால் சுவருக்குக் கொஞ்சம் கிட்ட வைத்தாலும் சமாளிக்கலாம் என்றார் பியதாஸ. பெட்டியைக் கட்டும்போது பியதாஸ சொன்னார்: “மாத்தயா, முதல் ஜோடி லஸ்ஸனயா, அழகா சொல்லும், இது உள்ளத சொல்லும். பாட்டு கேக்க எண்டா அது, பாட்டு செய்ய எண்டா இது.”

பஸ்ஸில் இரண்டு பிள்ளைகள்

புத்தளம் பஸ்ஸில் ஒரு பெட்டி என் மடியில், ஒன்று ஸீனத்தின் மடியில். மேலே தட்டில் வைக்கச் சொல்லி கொண்டக்டர் மூன்று தரம் கேட்டார், நாங்கள் விடவில்லை. நீர்கொழும்பு தாண்டியதும் அவருக்குப் பொறுக்கவில்லை. என்ன சாமான் என்று சிங்களத்தில் விசாரித்தார். ஸ்பீக்கர் என்றதும் முகம் மலர்ந்து, எவ்வளவு பூம் அடிக்கும் என்று கேட்டார். பூம் அடிக்காது, அதற்காகத்தான் வாங்கினோம் என்று நான் விளக்கினேன். சிலாபம் வரும்வரை அதை யோசித்துக்கொண்டே டிக்கட் கிழித்தவர், கடைசியில் திரும்பி வந்து சொன்னார்: “பூம் இல்லாத ஸ்பீக்கர தெரியாம வாங்கினவங்கள கண்டிருக்கேன், தெரிஞ்சு வாங்கினவர இப்பதான் காணுறேன்.”

மெத்தை

பெட்டியைத் திறந்து மேசையில் வைத்துப் போட்டால், கடையில் கேட்ட சத்தம் இல்லை! பயந்துபோனேன். பிறகு ஒவ்வொன்றாகச் சரிபண்ணினோம். மூலையில் இருந்த மேசையை இழுத்துச் சுவரின் நடுவில் போட்டோம். இரண்டு ஸ்பீக்கரும் என் தலையும் ஒரே அளவு தூரத்தில் முக்கோணமாக வரவேண்டும். ஸீனத் நாடா பிடித்தாள். மேசை சேர்ந்து அதிர்ந்தது. களப்புக்கரைக்குப் போய், வலையில் கட்டும் பழைய மிதப்புகள் நாலைந்து கேட்டு வாங்கி, சீவி ஸ்பீக்கர்களுக்குக் கீழே வைத்தேன். அதிர்வு நின்றது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பாட்டு ஒரு படி தெளிந்தது. நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினோம்.

மிஞ்சியது பின்சுவரில் முட்டித் திரும்பும் எதிரொலி. அதற்குக் கனமான துணியோ பஞ்சோ வேண்டும். வீட்டில் கனமாக இருந்தது நாங்கள் படுக்கும் தும்பு மெத்தை ஒன்றுதான். காலையில் அது சுவரில் ஏறும், மாலையில் கட்டிலுக்குத் திரும்பும். சீலை தைக்கக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு ஃபரீதா ராத்தா, வெறுங்கட்டிலையும் ஸ்டூடியோச் சுவரில் சாய்ந்து நின்ற மெத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். ஸீனத்தை ஒரு பக்கம் இழுத்துக் காதுக்குள் கேட்டது எனக்கு நன்றாகவே கேட்டது: “என்ன புள்ள, சண்டையா? அவர் படுக்கையக் கொண்டுபோய் அங்க போட்டிருக்கார்!”

சிவலிங்கம் அண்ணனின் மூச்சு

நானே உடப்புக்குப் போனேன். “அண்ணன், அந்தப் பாட்டைத் திரும்ப எடுப்பம். பிழை என்னுடையது” என்றேன். அவர் கையில் இருந்த வலையை ஒதுக்கி வைத்துவிட்டு, சரி என்றார். ஒரு ஞாயிறு காலை குழுவோடு வேனில் வந்து இறங்கினார்கள். அயல்வீட்டுக்காரர் பெரிய மனதோடு சேவலைக் கூடையால் மூடினார்.

பாடி முடித்ததும் புது ஸ்பீக்கரில் போட்டேன். சிவலிங்கம் அண்ணன் நிமிர்ந்தார். முகம் மாறியது. இந்தப் பாட்டும் இனிச் சிலாபத்துக்குத்தான் என்று நினைத்தேன். “நான் அம்மாளின்ர பேரை நடுவில முறிச்சு மூச்சு எடுக்கிறன். கேட்டியளா? இருபது வருஷமா இப்பிடியா பாடினனான்?” என்றார். தண்ணி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, திரும்ப மைக்குக்கு முன்னால் போய் நின்றார். இரண்டாம் தரமும் மூச்சு முறிந்தது. மூன்றாம் தரம், அந்தப் பெயர் முறியாமல், நீளமாக, கடைசிவரை போய் நின்றது. மத்தளக்காரர் இரண்டு பேரும் அடிப்பதை மறந்து சிரித்துவிட்டார்கள். அதற்காக நாலாம் தரமும் எடுக்க வேண்டி வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் அடித்தது. எடுத்தால் ஆளின் சத்தம் இல்லை. உடப்புக் கோயில் ஹோர்னுக்கு நேரே யாரோ போனைப் பிடித்திருக்கிறார். தொம், தொம் என்று மத்தளம் வந்தது. நான் போட்ட சத்தத்தில் ஸீனத் அடுப்படியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தாள். பிறகுதான் சிவலிங்கம் அண்ணன் போனில் வந்தார்: “கேக்குதா தம்பி? எங்கட மத்தளக்காரன் கந்தையா ஒரு இடத்தில பிழையா அடிச்சிருக்கிறான், அதுவும் சேர்த்துக் கேக்குது!”

மீன் விளம்பரம்

போன மாதம் எத்தாளையிலிருந்து ஹனீபா நானா வந்தார். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்கிறவர். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. ஒரு தரம் பதிந்து தந்தால் வண்டியில் கட்டிய சின்ன ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு போகலாம் என்றார். ஐந்து நிமிட வேலை. ஆனால் மொனிட்டரில் கேட்டபோது, ‘பாரைமீன்’ என்ற சொல்லில் கரகரப்பு இருந்தது. இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுத்து இருக்கவைத்தேன். திரும்பச் சொல்லவைத்தேன். அன்று சரிவரவில்லை, அடுத்த நாளும் வரச் சொன்னேன். மூன்றாம் நாள்தான் அந்தக் குரல் விழுந்தது: கனமாக, பளிச்சென்று, ஈரம் காயாமல். ஹனீபா நானா கதிரையின் நுனியில் இருந்து அசையாமல் கேட்டார். முடிந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்: “மெய்யாவே இது நான்தானா? எனக்கே ரெண்டு கிலோ வாங்கணும் போல இருக்கு!”

ஆகவே, கூட்டாளிகளே, நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் வேலை லேசாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்: ஒரு பாட்டை ஒரே நாளில் முடித்துவிட்டு நிம்மதியாகத் திரிந்த நான், இப்போது ஒரு பாரைமீனுக்கு மூன்று நாள் எடுக்கிறேன், அதுவும் சந்தோஷமாக.