பேய் வரும்போது பொத்திய கை

பிள்ளைகளே, நேற்று நாம் பார்த்த பழைய பேய்ப்படத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "பவுடர் பூசின மனுசன். இதுக்கோ அப்பா பயந்தனீங்கள்?" என்றாள் சின்னவள். நீங்கள் தின்ற இறால் வடையின் மணம் என்னைக் கொழும்புக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய்விட்டது. இப்போது மாடிவீடுகள் நிற்கும் இடத்தில் இருந்த தகரக்கூரை வீடியோக் கொட்டகையில், இதே படத்தில் பேய் வரும் நேரமெல்லாம், நீங்கள் கண்டிராத உங்கள் மாமி, என் அக்கா, "பாக்காத மல்லி" என்று, தம்பியைச் சிங்களத்தில் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு, வடை மணக்கும் கையால் என் கண்ணைப் பொத்துவாள். நான் பேயைக் கண்டதே இல்லை. அது எவ்வளவு கிட்ட வந்துவிட்டதென்று அந்தக் கை நடுங்குவதில்தான் தெரியும். ஒன்றுக்கும் பயப்படாத அக்காவே பயந்ததுதான் என் பயம்.

இன்று நீங்கள் பள்ளிக்கூடம் போனபின், பேய் வரும் அந்தக் காட்சியை மறுபடி போட்டு, என் கையாலேயே கண்ணைப் பொத்திக்கொண்டேன். கை நடுங்கவில்லை.