மெசேஜ் போட்டேன், பாத்தியா?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனி மொத்தமும் ஒரே ஷெட். பின்னால் லாரிக்கான இரும்புப் பாகங்களை அடிக்கும் பிரஸ் மிஷின்கள். முன்னால் கண்ணாடி போட்ட ஆபீஸ். அதில் என் மேசைக்கும் முதலாளி மேசைக்கும் நடுவே இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும் ஒரு பிளைவுட் தடுப்பு. அவர் கூப்பிட்டால் பிரஸ் சத்தத்தையும் மீறி எளாவூர் செக்போஸ்ட் வரை கேட்கும். அப்பேர்ப்பட்ட குரல் உள்ளவருக்கு மெசெஞ்சர் எதற்கு என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

சென்னையில் சாப்ட்வேர் வேலையில் இருந்த அவருடைய மருமகன் வந்து, எங்கள் இரண்டு கம்ப்யூட்டரையும் ஷெட்டில் இருந்த ஒன்றையும் இணைத்து, மெசேஜ் அனுப்பிக்கொள்ள மெசெஞ்சர் போட்டுவிட்டுப் போனார். "இனிமே கத்தவே வேணாம் மாமா" என்றார். மாமா ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடிப்பார். அனுப்பிய கையோடு தடுப்புக்கு மேலே தலையை நீட்டிக் கத்துவார்: "மெசேஜ் போட்டேன், பாத்தியா?" முன்பு ஒரு தடவை கத்தினால் முடிகிற வேலை. இப்போது டைப்பும் அடிக்க வேண்டும், கத்தவும் வேண்டும். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

ஷெட் கம்ப்யூட்டரின் யோகம் வேறு. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்ததோடு சரி, மேஸ்திரி அதைத் துணி போட்டு மூடிவிட்டார். கேட்டால், "இரும்புத் தூளு பட்டா பேஜாராப் பூடும்மா, அப்பால யாரு டப்பு குடுப்பா?" என்பார்.

அந்த வருஷம் வேலை குறைந்துபோனது. புனேயில் இருந்து எதிர்பார்த்த ஆர்டர் வராவிட்டால் ஆளைக் குறைக்க வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். கடைசியாகச் சேர்ந்தவள் நான். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

புனேக்காரர் வீடியோவில் பேச வேண்டும் என்றார். பெரிய மனுஷன் பேசும்போது இரைச்சல் மரியாதை இல்லை என்று முதலாளி எல்லா மிஷினையும் நிறுத்தச் சொன்னார். "ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. இன்னாவா இருந்தாலும் மெசேஜ்லதான்." வரைபடங்களை எடுத்துக் கொடுக்க நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

திரையில் வந்த புனேக்காரர் கொஞ்ச நேரம் காதைச் சாய்த்தே இருந்தார். பிறகு இன்றைக்கு லீவா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு சத்தத்தையும் காணோமே, கம்பெனி ஓடுகிறதா இல்லையா என்றார்.

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. "ரன்னிங் சார், ரன்னிங்" என்று சிரித்துக்கொண்டே, மிஷினைப் போடச் சொல்லி ஷெட்டுக்கு மெசேஜ் அடித்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கம்ப்யூட்டர் துணிக்குள் இருந்தது. அதன் பக்கத்திலேயே மேஸ்திரியும் ஆட்களும் இரங்கல் கூட்டத்தில் நிற்பதுபோல் கைகட்டி நின்றார்கள். முதலாளி இன்னொரு முறை அடித்தார். புனேக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

என் வேலை என் கண்முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. எழுந்து நின்று கத்தினேன்: "அண்ணே! எல்லா மிஷினயும் போடுண்ணே!"

அடுத்த நொடி ஷெட்டே அதிர்ந்தது. மேசையில் இருந்த டீ கிளாஸ் தானாக நகர ஆரம்பித்தது. யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. புனேக்காரர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார், மறைந்துபோனார்.

அதன் பிறகு முதலாளி என்னிடம் ஒன்றுமே பேசவில்லை. எனக்கு அதுதான் பயம். வாயைத் திறக்காதே என்றவர் காதுக்குப் பக்கத்திலேயே கத்தியிருக்கிறேன்.

சாயங்காலம் பையை எடுத்துக் கிளம்பும்போது என் திரையில் ஒரு மெசேஜ் வந்து நின்றது. ஆங்கில எழுத்தில் தமிழ்: 'ஆர்டர் வந்துச்சி. நீ எங்கியும் போவ வேணாம்மா.'

யாரையும் முகத்துக்கு நேராகப் பாராட்டிப் பழக்கம் இல்லாத மனிதர். தடுப்புக்கு மேலே தலை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பாத்தியா என்ற கேள்வியும் வரவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு நானே கத்தினேன்:

"பாத்தேன் சார்!"