புஷ்புஷ் வண்டியின் கைப்பிடி

நாங்கள் புதுச்சேரிக்குக் குடிவந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருஷம் வைகாசியில். என் தம்பி முப்பத்தைந்து என்று அடித்துச் சொல்வான். அவன் அப்போது பிறக்கவே இல்லை என்பது அவனுக்கு ஒரு தடையாகத் தோன்றியதில்லை. என் பக்கம் ஒரு சான்று இருக்கிறது. இங்கே சொல்லப்போகும் ஜூலை பதினான்காம் தேதி காலையில் அப்பா எண்ணெய் தேய்த்துக் குளித்தார். சனிக்கிழமை தவிர வேறு கிழமையில் அவர் எண்ணெயைத் தொட மாட்டார். முப்பத்து நான்கில்தான் அந்தத் தேதி சனிக்கிழமை, முப்பத்தைந்தில் ஞாயிறு. பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ஒரு நூலாலையின் கிடங்கில் வேலை கிடைத்திருந்தது. திண்டிவனத்தை விட்டு, விழுப்புரத்தில் ரயில் மாறி, வந்து இறங்கினோம். எனக்கு ஒன்பது வயது. ரயிலடியில் பெட்டி, பாத்திரம், அம்மிக்கல், அப்பா எல்லாம் ஒரு மாட்டுவண்டியில் ஏறின. அம்மாவையும் என்னையும் அப்பா ஒரு புஷ்புஷ் வண்டியில் உட்கார்த்திவிட்டார். மாடும் குதிரையும் இல்லாத வண்டி. பின்னால் ஒரு ஆள் தள்ளுவார். முன் சக்கரத்திலிருந்து ஒரு நீண்ட இரும்புக் கம்பி மேலே வந்து, உட்காருகிறவர் மடிக்கு நேராகக் கைப்பிடியாக முடியும். அதைப் பிடித்துத் திருப்ப வேண்டியது உட்கார்ந்திருப்பவரின் பொறுப்பு. புதுச்சேரியில் இது பால்குடிக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆகையால் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அம்மா அந்தக் கைப்பிடியைப் பார்த்து, ஏதோ ஆண்கள் பிடித்துக்கொள்ள வைத்தது என்று முடிவு செய்து, புடவை படாமல் சற்று ஒதுங்கி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. தெருக்கள் நோட்டுப்புத்தகத்தில் கோடு போட்டதுபோல் நேராக இருந்ததால் கொஞ்ச தூரம் ஒரு ஆபத்தும் இல்லை. பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

"அம்மா, சோத்தாங்கைப் பக்கம்! சோத்தாங்கைப் பக்கம்!"

அம்மா வலப்பக்கம் பார்த்தாள். அங்கே பச்சை வாசற்கதவு போட்ட ஒரு மாடி வீடு இருந்தது. "அழகாத்தான் இருக்குதுல்லடி," என்றாள் என்னிடம். ஊரைச் சுற்றிக் காட்டும் இவ்வளவு மரியாதையான ஆளை அவள் பார்த்ததில்லை.

"இன்னும் சோத்தாங்கை! ஐயோ, இன்னும்!"

அம்மா முகத்தை இன்னும் நன்றாகத் திருப்பினாள். வண்டி இடப்பக்கச் சாக்கடையில் இறங்கியது. நான் வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தேன். அம்மா வழுக்கிப்போய், தெருவோரம் விற்பனைக்கு வைத்திருந்த ஒரு முளைக்கீரைக் கூடையின் மேல் உட்கார்ந்தாள்.

கூட்டம் கூடிவிட்டது. கீரைக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏம்மா, இங்கிலீஷ்காரன் ஊர்ல கைப்பிடிய கும்புடறதுக்கா வெச்சிருக்காங்க?"

தள்ளிக்கொண்டு வந்தவர் தலையில் கை வைத்துவிட்டார். "சேசுவே! எத்தினி வருசமா தள்றேன், ஒரு கோழிக்குஞ்சு மேல ஏத்துனதில்லயே," என்று கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அம்மா வாசற்படி தாண்டவில்லை. தெருமுனைக் குழாயில் தண்ணீர் பிடிக்க நான்தான் போனேன். கீரைக்காரிக்கு எங்கள் தெருவும் வாடிக்கைத் தெருவாக அமைந்தது எங்கள் நேரம். தினமும் காலையில் எங்கள் வாசலில் கூடையை இறக்காமலே குரல் கொடுப்பாள்: "இன்னிக்கு யாரும் மேல உக்காரல, கீரை நல்லா நிமிந்து நிக்குது, வேணுமா?" அம்மா கதவைச் சாத்துவாள். ஆனி பிறந்ததும் அப்பாவிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். ஆடி பிறந்தால் குடி மாற்றக்கூடாது. ஆவணி வரை அவளால் தாங்காது. ஆகவே ஆனி முடிவதற்குள் அவளும் நானும் திண்டிவனத்துக்குத் திரும்பிவிட வேண்டும். அப்பா இங்கே தனியாகப் பொங்கித் தின்னட்டும். அப்பா இரண்டு நாள் வாதாடினார், பிறகு சரி என்றார். ஜூலை பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை ரயில் என்று நாளும் குறித்தாயிற்று.

எனக்குப் போக மனமில்லை. அதற்குள் எனக்கு ரொசாலி கிடைத்திருந்தாள். எங்களைச் சாக்கடையில் இறக்கியவரின் மகள்; எங்கள் தெருக்கோடியில் வீடு; என் வயதுதான், ஆனால் ஊர் முழுக்கத் தெரியும். முதல் நாள் குழாயடியில் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்கம்மாதான கீரை மேல உக்காந்தது?"

"உங்கப்பாதான உக்கார வெச்சது?" என்றேன்.

அவள் என் குடத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், சிநேகிதிகளாகிவிட்டோம்.

எந்த ரொட்டிக் கிடங்கின் பின்வாசலில் நின்றால் சூட்டோடு மணம் வரும், எந்தச் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் முறைப்பார், எவர் முறைப்பதுபோல் நடிப்பார், எந்தத் தெருவில் நின்றாலும் காற்று வரும் திசையில் நடந்தால் கடல் வந்துவிடும் என்பதையெல்லாம் அவளிடம்தான் கற்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து அவள் அப்பா சாப்பிட்டுப் படுத்ததும், ஆளில்லாத தெருவில் வண்டியை வெளியே எடுப்போம். அவள் தள்ளுவாள், நான் திருப்புவேன். "பயந்து பயந்து புடிக்காதடி, அது என்ன பாம்பா?" என்பாள். மூன்றாவது ஞாயிறு அவள் அப்பா கண்டுபிடித்துவிட்டார். அடிப்பார் என்று நின்றோம். அவர் என்னை உட்காரவைத்துத் தாமே ஒரு தெரு தள்ளிப் பார்த்துவிட்டு, "கை நேராத்தான் இருக்குது. உங்கம்மாவுக்கு இது அன்னிக்கே இருந்திருந்தா எம்பேரு கெட்டிருக்காது," என்றார். அந்தக் கூடையை வைத்து மற்ற வண்டிக்காரர்கள் அவரை 'கீரைமணி' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

ஜூலை பதினான்கு பிரெஞ்சுக்காரர்களின் தேசியத் திருநாள். ஆலைக்கு விடுமுறை. அப்பா எண்ணெய்க் குளியல் முடித்து, மத்தியானமே உடன் வேலை செய்பவர்களோடு புறப்பட்டுவிட்டார். அம்மா பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். தூரத்தில் பேண்டு சத்தம் கேட்டது. ஐந்து தெரு தள்ளியிருந்த கடலை அம்மா அதுவரை பார்க்கவில்லை.

"ஒரு தடவை கடலைப் பாத்துட்டுப் போலாம்மா. நான் திருப்பறேன்," என்றேன்.

"நீயா? மிச்சமிருக்கற மானத்தையும் சாக்கடையில விடறதுக்கா?"

ரொசாலியின் அப்பா வாசலில் வண்டியோடு நின்றார். நான்தான் வரச்சொல்லியிருந்தேன். அவர் உள்ளே எட்டிப் பார்க்காமல், கூரையைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்கு எப்படியும் ரயிலடிக்கு என் வண்டியிலதாம்மா போவணும். இன்னிக்கே ஒருக்கா ஒத்திகை பாத்துட்டா ரெண்டு பேருக்கும் நல்லது."

அம்மா சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன். புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

நான் கைப்பிடியைப் பிடித்தேன். அம்மா என் பக்கத்தில், விழுந்தால் எந்தப் பக்கம் குதிப்பது என்று கணக்குப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். முதல் தெரு நேர். இரண்டாவது முனையில் ஒரு மாட்டுவண்டி, அதைச் சுற்றிக்கொண்டேன். பெரிய வாய்க்கால் பாலத்தில் சிவப்புத் தொப்பிக்காரர் கை நீட்டித் தடுத்தார், ஒரு மோட்டாரை அனுப்பினார், பிறகு எனக்கு வழிவிட்டார். எனக்கு! ரொசாலி பக்கத்தில் ஓடிவந்துகொண்டே, "ஏய், எங்கப்பா வண்டி! ஓட்டறது என் கூட்டாளி!" என்று வழியெல்லாம் கத்தினாள்.

கடற்கரையில் மூவர்ணக் கொடிகள் படபடத்தன. கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலத்தின் மேல் ஜனங்கள் எறும்புபோல் நகர்ந்தார்கள். வழுக்குமரத்தில் பாதி ஏறியவன் சறுக்கி விழ, ஊரே ஆரவாரம் செய்தது. விழுந்தவனும் எழுந்து நின்று எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான். அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடலைக்கூட அப்புறம்தான் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

திரும்பும்போது நான் வழக்கம்போல் கைப்பிடிப் பக்கம் ஏறினேன். அம்மா கீழேயே நின்றாள்.

"நகரு."

"எதுக்கு?"

"நகருடின்னா."

அம்மா கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தாள். ரொசாலியின் அப்பா சிலுவை போட்டுக்கொண்டார். முதல் பத்து முழம் வண்டி பாம்புபோல் நெளிந்தது. "கண்ணை மூடாதம்மா!" என்று நான் கத்தினேன். "நான் எங்கடி மூடுனேன், நீதான் மூடியிருக்கே," என்றாள். அது உண்மை. கண்ணைத் திறந்தபோது வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது. பின்னாலிருந்து, "சோத்தாங்கைப் பக்கம்!" என்ற குரல் வந்ததும் அம்மா தலையைத் திருப்பவில்லை, கையைத் திருப்பினாள். வண்டி அழகாக முனை திரும்பியது.

வாய்க்கால் தாண்டியதும் கீரைக்காரி நின்றிருந்தாள். திருநாள் என்று கூடையில் அன்று வேர்க்கடலை. எங்களைக் கண்டதும் வாயைத் திறந்தாள். அம்மா முந்திக்கொண்டாள்: "கூடையை எடும்மா, வர்றேன்!"

கீரைக்காரி நிஜமாகவே கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பு எங்களைத் துரத்திக்கொண்டு வந்தது. அவளைவிட அம்மா அதிகம் சிரித்தாள். ரொசாலியின் அப்பா, வழியில் வந்த வேறு ஒரு வண்டிக்காரரிடம், "பாத்துக்கடா, இதே அம்மாதான்!" என்று மூச்சிரைக்கச் சொன்னார்.

எங்கள் வீடு வந்தது. அப்பா முன்பே திரும்பிவந்து, பூட்டிய கதவின் முன்னால் குழப்பத்தோடு நின்றிருந்தார். கைப்பிடியில் அம்மாவைப் பார்த்ததும் வாய் பிளந்தது. நிறுத்தச் சொல்லி ஒரு கையை உயர்த்தினார். வண்டி அவரைத் தாண்டிப் போயிற்று.

"அம்மா, வீடு! வீடு வந்துடுச்சு!"

"எங்கம்மா போவணும்?" என்றார் பின்னாலிருந்தவர்.

"நேரா போங்க," என்றாள் அம்மா. "இந்தத் தெரு எங்க போயி முடியுதுன்னு பாக்கணும்."

மறுநாள் ரயிலில் நாங்கள் போகவில்லை. அந்த வருஷம் ஆடி எங்களுக்குப் புதுச்சேரியில்தான் பிறந்தது. பெட்டியின் கயிற்றை அம்மா எப்போது அவிழ்த்தாள் என்று எனக்குத் தெரியாது. ஞாயிறு காலை நான் எழுந்தபோது அதில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

வெற்றி முழுக்க என்னுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு குறைதான் உறுத்தியது. குழாயடியில் ரொசாலியிடம் அதைக் கவலையோடு சொன்னேன்: "எங்கம்மாவுக்குத் திருப்ப நல்லா வந்துடுச்சுடி. வீடு வந்தா நிறுத்தணும்னுதான் இன்னும் தெரியல. அதையும் சொல்லிக் குடுக்கணும்."