வசந்தா என்றால் தண்ணீர்

சென்ற வாரம் மதகடிப்பட்டுத் தேநீர்க் கடையில் எனக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பையன், "மாஸ்டர், ரெண்டு டீ. வசந்தா வேணாம், ஸ்ட்ராங்கா போடு" என்றான். மாஸ்டர் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு அதில் எதுவும் மிச்சமில்லாத அளவுக்கு அந்தச் சொல் பழகிவிட்டது. எங்கள் பக்கத்தில் வசந்தா என்றால் நீர்த்துப்போனது. சாம்பார் வசந்தாவாக இருக்கும். தேர்தல் வாக்குறுதியும் வசந்தாவாக இருக்கும். அது ஒரு பெண்ணின் பெயர், அவர் கரிக்கலாம்பாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறார் என்பதெல்லாம் அந்தப் பையனுக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும். அந்தச் சொல் என் கையிலிருந்து புறப்பட்டது.

இருபத்துநான்கு வயதில், உறுவையாற்றுக்கு அருகில் ஒரு சிறிய பால் சங்கத்தில் பால் சோதிக்கும் வேலையில் இருந்தேன். நான் அக்கா என்று அழைத்த வசந்தாவின் வீடு சங்கத்துக்கு நேர் பின்புறம். மற்றவர்கள் வயல்கொட்டகையில் கறந்து, வரப்பில் நடந்து வருவார்கள். அக்கா கறந்த கையோடு வந்துவிடுவார். ஒரு நாள் கொஞ்சம் தாமதமாகக் கறந்தவர், நுரை அடங்காத பாலோடு ஓடி வந்தார். பாலின் அடர்த்தி காட்டும் மீட்டரை உள்ளே விட்டேன். இருபத்தைந்தில் நின்றது. இருபத்தாறுக்குக் கீழே போனால் தண்ணீர் என்பது எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு.

"தம்பி, இப்பத்தான் கறந்தது. சூடா இருக்குது பாரு. செத்த ஆறட்டும், அப்புறம் ஒரு தபா பாரேன்" என்றார்.

வண்டி வரும் நேரம். வரிசையில் இன்னும் பதினொரு பேர். எல்லோருக்கும் ஒரே விதி என்று சொல்லிவிட்டு, பதிவேட்டில் 'தண்ணீர் கலந்தது' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

திருப்பிக் கொடுத்த பாலைத் தூக்கிக்கொண்டு அவர் அத்தனை பேரையும் தாண்டி நடக்கவேண்டியிருந்தது. "இன்னா வசந்தா, மாட்டுக்குப் பதிலா பம்புசெட்டக் கறந்துட்டியா?" என்று ஒருவர் கேட்டார். வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் காலை டீக்கடையில் அந்தக் கேலி பேசியவரே, "டீ இன்னாபா வசந்தாவா இருக்குது?" என்றார். அவ்வளவுதான். ஒரு மாதத்துக்குள் அக்கா இருந்த ஒரே கறவையை விற்றுவிட்டுச் சித்தாள் வேலைக்குப் போனார்.

அதே ஆண்டு எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. மடிச்சூட்டோடு இருக்கும் பாலில் மீட்டர் தாழ்வாகவே காட்டும், ஆறவைத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார் பயிற்றுநர். அதையும் நாட்குறிப்பில் அழகாக எழுதிக்கொண்டேன். ஊருக்குத் திரும்பி யாரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் காரணமில்லை. யாரும் என்னை நீக்கியிருக்க மாட்டார்கள். அதுவரை என் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. அந்தப் பெருமைக்காக வாயை மூடிக்கொண்டேன்.

சென்ற வாரம் தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தவன், மறுநாள் அந்தப் பழைய நாட்குறிப்போடு கரிக்கலாம்பாக்கம் போனேன். அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பயிற்சி நாளன்று எழுதிய பக்கத்தைப் படித்துக் காட்டினேன்.

"நான் அன்னிக்கே சொன்னனே தம்பி" என்றார்.

மறுபடியும் கீரையை உருவத் தொடங்கினார். அந்த நேரத்தில் பள்ளி வேன் வந்து, ஐந்து வயதுப் பேத்தி பையோடு ஓடிவந்தாள். பேச்சை மாற்றக் கிடைத்த சாக்கு என்று அவள் பெயரைக் கேட்டேன். கீர்த்தனா என்றாள்.

"மூத்த பேத்திக்கு அப்பனப் பெத்தவ பேரு வெக்கிறதுதான் எங்க வழக்கம்" என்றார் அக்கா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எம் புள்ள அதுலயே நின்னான். நாந்தான் அவங் காலப் புடிச்சி வேணாம்னேன். பள்ளிக்கூடத்துல கூப்புட்டா புள்ளைங்க சிரிக்குமே."

சிறுமி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "ஆயா, அப்ப உம் பேரு இன்னா?"

நான் நாட்குறிப்பை மூடினேன்.

"ஆயாதான்டி எம் பேரு" என்றார் அக்கா. "உள்ள போயி சட்டைய மாத்து, போ."