பம்பு விற்பவனின் விரதச் சாப்பாடு

சேல்ஸ்மேன் வேலையில் சரக்கு விற்பதுகூடச் சுலபம். வெளியூரில் சோறும் படுக்கையும் தேடித்தான் உயிர் போகும். பெட்டியும் கையுமாக அலையும் உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

நான் ஈப்போக்காரன். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கும் பம்பு விற்கிறேன். இந்த முறை கூடுதல் அவஸ்தை. இரண்டு முறை கலைந்து, மறுபடி உண்டாகியிருக்கிறாள் மனைவி. எழுந்து நடமாடவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை தங்க வேண்டுமென்று பத்துமலை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறேன். தைப்பூசம் வரை சுத்த சைவம், தரையில்தான் படுக்கை. கம்பெனியோ கிள்ளான் பக்கம் போகச் சொல்லிவிட்டது.

ஈரத் தரை

போகும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஹோட்டல். ஏர்கான் ஒழுகி, கார்ப்பெட் முழுக்க ஈரம். பாயை எங்கே விரிப்பது? வேறு ரூம் கேட்டுக் கீழே போனேன். கவுண்டரில் இருந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கட்டில் நல்லாத்தானே இருக்கு தம்பி, நீங்க ஏன் தரையைப் பாக்குறீங்க?"

பந்திங் மீ

பந்திங்கில் ஒரு கடை. கறி வேண்டாம், முட்டை வேண்டாம், மீன் வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லி மீ கோரெங், அதாவது வறுத்த நூடுல்ஸ், கேட்டேன். வந்த தட்டைக் கிளறினால் நெத்திலி! பசியில் எனக்குக் கண்ணே இருட்டிக்கொண்டு வந்தது. தட்டைத் தள்ளி வைத்ததும் கடைக்காரருக்கு முகம் வாடிவிட்டது.

"அது இக்கான் பிலிஸ்ண்ணே, சின்னதுதானே லா, அதையும் மீனுன்னா எப்படி?"

கேரி தீவு நண்டு

என்னோடு லோரி ஓட்டி வரும் மணியத்துக்கு விரதமெல்லாம் கிடையாது. கேரி தீவில் பம்புகளை இறக்கியதும், நண்டுக்கடையைத் தவிர வேறு கடையில் காலே வைக்க மாட்டேன் என்றான். அவன் முன்னால் மசாலா நண்டு மலைபோல. என் தட்டில் வெறும் சோறும் நாலு துண்டு வெள்ளரிக்காயும். பாதி சாப்பாட்டில் கையை நிறுத்தினான். பரவாயில்லை, மனசாட்சி இருக்கிறதே என்று நினைத்தேன்.

"அண்ணே, உங்க தட்டப் பாத்தா நண்டு எறங்க மாட்டேங்குது, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க."

கிள்ளான் சூப்

கிள்ளானில் எங்கள் பம்பு வாங்கும் ஹார்ட்வேர் கடை முதலாளி ஒரு சீனர். ஜெஞ்சாரோம் தோட்டத்தில் நம் ஆட்களோடு வளர்ந்தவர், தமிழ் சரளமாகப் பேசுவார். என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். விரதத்தையும் வீட்டு நிலைமையையும் சொன்னேன். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. உடனே போன் போட்டு எனக்குச் சோறும் மூலிகை சூப்பும் வரவழைத்தார். கிள்ளானில் அந்தச் சூப் சைவத்திலும் கிடைக்கும், அதனால் நான் சந்தேகப்படவில்லை. சூடாக, மிளகு வாசனையோடு தொண்டையில் இறங்கியது. கிண்ணத்தை வழித்துக் குடித்தேன். கடை எங்கே இருக்கிறது, தினமும் அங்கேயே சாப்பிடுகிறேன் என்றேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பன்னி எலும்பு போட்ட சூப்பு தம்பி, உனக்காகக் கறி மட்டும் ஒரு துண்டுகூட வேணாம்னு சொல்லிட்டேன்."

அந்த மனுஷனிடம் எப்படிக் கோபப்படுவது? நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, லோரிக்குப் பின்னால் நின்று அழுதேன். பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயந்தேன். மறைக்க மனம் வரவில்லை. மனைவிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"முருகன் மன்னிச்சிருவாரு, நீங்க மொதல்ல வேற வேலை தேடுங்க."

இத்தனை ஊர் சுற்றியதில் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டது அந்த ஒரு கிண்ணம்தான், அதைத்தான் சாப்பிட்டிருக்கக் கூடாது.